கழுத்தும் தராசும்

ஏற்காட்டிலிருந்து குப்பனூருக்கு இறங்கும் மலைச்சாலையில் இருக்கிறது கொட்டச்சேடு. காப்பித் தோட்ட வேலைக்குப் போகிறவர்களும், சுற்றியுள்ள மலையாளிப் பழங்குடிச் சிற்றூர்களிலிருந்து பஸ் பிடிக்க வருகிறவர்களும் கூடிப் பிரியும் இடம். இந்த மலையிலும் கீழே சேலத்திலும் வீட்டிலிருந்தபடியே நகை செய்து விற்கும் பெண்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். சுடுமண் தோடு, பட்டுநூல் சுற்றிய வளையல், மணிமாலை, கம்பி வளைத்துச் செய்த கம்மல் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கைவரிசை. நானும் மணி கோப்பவள்தான். செய்வதில் எங்களுக்குப் பெரிய தயக்கம் கிடையாது. செய்ததைப் படம் எடுத்துப் பத்துப் பேருக்குக் காட்டும்போதுதான் தயக்கம் வருகிறது. துணியில் பரப்பி எடுப்பதா, கழுத்துப் பொம்மையில் மாட்டுவதா, பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுப் போடச் சொல்வதா, அல்லது செய்தவளே அணிந்துகொண்டு நிற்பதா?

இந்தக் கேள்விக்குக் கைப்பேசிக் கேமரா வருவதற்கு வெகுகாலம் முன்பே இரண்டு தொழில்கள் இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன. ஒன்று, நரிக்குறவர்களின் பாசிமணித் தொழில். மற்றொன்று, சேலத்தின் வெள்ளிக் கொலுசுத் தொழில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நகையைச் செய்கிறவர் அதை அணிந்து காட்டுவது வெறும் அழகு சம்பந்தப்பட்ட விஷயமாகத் தோன்றாது. அந்தச் சரக்கு யாருடைய சொத்து என்பதில் போய் நிற்கும்.

முதலில் பாசிமணி. பஸ் நிலையத்திலோ கோயில் வாசலிலோ கோடை விழாக் கூட்டத்திலோ தரையில் துணி விரித்து உட்கார்ந்திருக்கும் நரிக்குறவப் பெண்ணின் கைகளைக் கொஞ்சநேரம் நின்று பாருங்கள். வலது கையில் மூக்கு நீண்ட சின்னக் குறடு. இடது கையில் மெல்லிய கம்பிச்சுருள். ஒரு ருத்திராட்சத்தின் துளையில் கம்பியை நுழைப்பார். குறட்டின் நுனியால் ஒரு சுழற்று, ஒரு வளையம் விழும். மறுமுனையில் அளவாக வெட்டி இன்னொரு சுழற்று. அடுத்த மணி அந்த வளையத்தில் கோத்துக்கொள்ளும். கண் பெரும்பாலும் கையில் இருக்காது. போகிற வருகிற ஆட்களைப் பார்த்துக்கொண்டிருக்கும், விலை சொல்லிக்கொண்டிருக்கும், மடியில் இருக்கும் குழந்தையைக் கவனித்துக்கொண்டிருக்கும். கை தன்பாட்டுக்கு மாலையை நீட்டிக்கொண்டே போகும்.

அவர் கழுத்தைப் பார்த்தால் அங்கேயும் ஒரு கடை இருக்கிறது. சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாகப் பல சரம். துணியில் பரப்பியிருப்பவற்றில் ஒன்றை எடுத்து யோசித்தபடி நிற்கும் பெண்ணிடம், "போட்டுப் பாரு சாமி, புடிச்சா வாங்கு" என்று தன் கழுத்துச் சரத்தையே கழற்றி நீட்டுகிறவர்களும் உண்டு. நீளம் அதிகம் என்று சொன்னால் போதும். நாலு மணியைக் கழற்றிக் குறட்டால் ஒரு முறுக்கு முறுக்கிக் கொடுத்துவிடுவார்கள். செய்கிறவர், அணிகிறவர், விற்கிறவர், பழுது பார்க்கிறவர் நால்வரும் ஒரே ஆள்.

வேட்டையும் பறவை பிடிப்பும் அவர்கள் வாழ்வோடு சேர்ந்திருந்த காலம் உண்டு. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பிழைப்பு சுருங்கச் சுருங்க, மணி கோத்து விற்பதே பல குடும்பங்களுக்கு முழுநேரத் தொழிலாயிற்று. மணிகளை அவர்கள் உருவாக்குவதில்லை. வாரணாசி போன்ற வடநாட்டு ஊர்களில் வார்த்த கண்ணாடி மணிகளும், நேபாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வரும் ருத்திராட்சமும் மொத்தக் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றைத் தங்கள் கைக்காசைப் போட்டு வாங்குகிறார்கள். கடன் வாங்கிப் போட்ட காசாக இருந்தாலும், வாங்கிய மணி அவர்களுடையது. அதைத் தன் கழுத்தில் போடலாம், மகள் கழுத்தில் போடலாம், திருவிழாவில் விற்கலாம், விற்காததைப் பிரித்து வேறு மாலையாகக் கோக்கலாம். கேட்பார் யாருமில்லை.

இனி கொலுசு. சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக்குப் பேர்போன சந்தை. சிவதாபுரம், பனங்காடு, மணியனூர்ப் பக்கங்களில் பட்டறைகளும், வீட்டுத் திண்ணையிலேயே நடக்கும் கூலி வேலையும் நிறைய. சேலத்துக் கொலுசு தமிழ்நாட்டோடு நிற்பதில்லை. வடமாநிலக் கடைகள் வரைக்கும் போகிறது. ஒரு ஜோடிக் கொலுசு ஒரே கையில் பிறப்பதில்லை. கட்டி வெள்ளியை உருக்குகிறவர் ஒருவர், கம்பியாக இழுப்பவர் ஒருவர், பின்னி வளையம் சேர்ப்பவர் ஒருவர், பற்றவைப்பவர் ஒருவர், சலங்கையும் முத்தும் வைப்பவர் ஒருவர், மெருகு போடுபவர் ஒருவர். சில வீடுகளில் கணவன் ஒரு வேலை, மனைவி ஒரு வேலை. ஒரு வேலையை முடித்துக் கொடுத்த கை, முழுக் கொலுசைக் கண்ணால் பார்க்காமலே போவதும் உண்டு.

இந்த வரிசையில் யாரும் கொலுசைப் போட்டுப் பார்ப்பதில்லை. ஏன் என்று கேட்டால் தெளிவான பதில் வரும்: "இது கொடுத்தவங்க வெள்ளிங்க, கிராம் கணக்கு." வியாபாரி எடை போட்டுக் கொடுக்கிற வெள்ளி, எடை போட்டே திரும்பிப் போக வேண்டும். இடையில் தேய்மானமாக இவ்வளவு போகலாம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அதற்கு மேல் குறைந்தால் கூலியில் பிடித்தம். 2025-இல் வெள்ளி விலை கிலோ ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டி ஏறிக்கொண்டே போனபோது அந்தக் கணக்கு இன்னும் இறுகியது. ஊதித் தட்டிய தூசியைக்கூடக் கூட்டி அள்ளி வைக்கும் பட்டறையில், முடிந்த கொலுசைக் காலில் மாட்டி நாலடி நடந்து பார்ப்பது நடக்கிற காரியமா? வாங்குகிறவரும் புதுக் கொலுசைத்தான் கேட்பார்; யாரோ போட்டுக் கழற்றியதை விரும்பமாட்டார்.

ஆகவே கொலுசு தன்னைக் காட்டிக்கொள்ளும் முறை வேறு. வெல்வெட் தட்டில் ஜோடி ஜோடியாகப் படுத்திருக்கும். அதன் அழகைக் கடைக்காரர் எண்ணால் சொல்வார்: இத்தனை இஞ்ச், ஜோடி இத்தனை கிராம், இத்தனை டச். டச் என்பது சேலத்து வியாபாரத்தில் வெள்ளியின் தரத்தைச் சொல்லும் அளவு. நூறு பங்கில் எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்பதே கணக்கு. தங்க நகைக்கு 2021 முதல் ஹால்மார்க் கட்டாயமாக்கப்பட்டது. வெள்ளிக்கு அப்படிக் கட்டாயம் வராததால், டச் சொல்கிறவரின் வாய்மொழிக்கும் பெயருக்கும் மதிப்பு அதிகம். பொய் டச் சொன்ன கடை, உருக்கிப் பார்க்கிற அன்றைக்கு மாட்டிக்கொள்ளும்.

இப்போது இரண்டையும் ஒன்றோடொன்று உரசிப் பார்க்கலாம்.

பாசிமணி விற்கும் பெண்ணுக்கு உடம்பு தெரியும். எந்த நீளச் சரம் காறையெலும்பில் நிற்கும், எது மார்பு வரை இறங்கி வேலை செய்கையில் இடிக்கும், எந்தக் கொக்கி பின்கழுத்து முடியைப் பிடித்திழுக்கும், எந்தச் சாயம் வியர்வையில் கரைந்து ரவிக்கையில் ஒட்டும் என்பதெல்லாம் நாள் முழுக்க அணிந்து வெயிலில் அலைந்ததால் வந்த அறிவு. ஆனால் அவரிடம் எண் கிடையாது. எடை, நீளம், உலோகம் என்று கேட்டால் பதில் கிடைக்காது. அதனாலேயே வாங்குகிறவர்கள் அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள். கையால் முறுக்கிய நூறு வளையங்கள் கொண்ட மாலைக்கு, அச்சில் வார்த்த பிளாஸ்டிக் மாலையின் விலையைத் தயங்காமல் சொல்கிறோம்.

கொலுசுக்காரருக்கு எண் தெரியும். ஒரு கிராமும் அவர் கணக்கைத் தப்பாது. ஆனால் அவர் முகம் எங்கேயும் இல்லை. கொலுசு போட்ட கால் விளம்பரப் பலகையில் இருக்கிறது. கடைப் பெயர் அதன்மேல் பெரிதாக இருக்கிறது. பற்றவைத்த கை எந்த ஊர்க் கை என்றுகூட இருப்பதில்லை. உற்பத்தி செய்தவர் மறைந்து, பொருள் மட்டும் மின்னுவது பெரிய வணிகத்துக்கு வசதி. செய்தவருக்கு அதனால் கிடைத்தது கூலி மட்டும்.

நரிக்குறவப் பெண்ணின் முகமோ எங்கேயும் இருக்கிறது. இந்த வேறுபாட்டை நாம் நிதானமாக யோசிக்க வேண்டும். 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்தது எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய நூல். அந்தக் காலத்து இனவரைவியல் படங்களில் பெண்கள் காது, கழுத்து, கை எல்லாம் நகையோடு நேராக நிறுத்தப்பட்டிருப்பார்கள். கீழே இனத்தின் பெயர் இருக்கும். அந்தப் பெண்ணின் பெயர் இருக்காது. நகையை அவள் எங்கே வாங்கினாள், தானே கோத்தாளா என்று யாரும் கேட்டதாகவும் தெரியாது. அந்தப் பார்வை அன்றோடு முடிந்துவிடவில்லை. சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் இன்றும் பாசிமணிப் பெண்ணைக் கேட்காமல் படம் எடுக்கிறார்கள், ஒரு சரமும் வாங்காமல் போகிறார்கள். நம் சினிமா அந்த மணிகளைக் கதாநாயகிக்குப் போட்டுப் பாட்டுக்கு ஆடவைத்தது. மணி கோத்தவர்களைக் கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்ட செய்தி 2021-இல் மாமல்லபுரத்திலிருந்து வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி, தீபாவளியன்று, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரிக்குப் போய் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டா வழங்கினார். பழங்குடிப் பட்டியலில் நரிக்குறவர்களைச் சேர்க்கும் சட்டத்திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேற 2022 டிசம்பர் வரை ஆனது.

அணிந்து நிற்பதால் மட்டும் ஒருவருக்கு மதிப்பு வந்துவிடாது என்பதை இந்த வரலாறு நமக்குச் சொல்கிறது. கேமரா யார் கையில் இருக்கிறது, படத்தின் கீழ் யார் பெயர் எழுதப்படுகிறது, விலையை யார் சொல்கிறார் என்பவையும் சேர்ந்தால்தான் மதிப்பு வரும். மெக்சிகோ ஓவியர் ஃபிரீதா காலோ (1907–1954) தன் நாட்டுப் பழங்கால மணிகளைத் தானே கோத்து அணிந்தவர். அவற்றோடு தன்னையே திரும்பத் திரும்ப வரைந்தவர். அந்த மணிகளை உலகம் பெயரோடு நினைவில் வைத்திருப்பதற்குக் காரணம், தூரிகை அவர் கையிலேயே இருந்ததுதான். இன்று கைப்பேசி வைத்திருக்கும் எந்தப் பெண்ணுக்கும் அந்த வசதியில் ஒரு பங்கு கிடைத்திருக்கிறது.

கொட்டச்சேட்டிலோ வேறு எங்கோ வீட்டில் நகை செய்யும் பெண், இந்த இருவரில் யாருக்கு உறவு? சந்தேகமே வேண்டாம், பாசிமணிக்காரருக்குத்தான். மணியும் மண்ணும் கம்பியும் நம் காசில் வாங்கியவை. அணிந்து பார்க்கும் உரிமை நமக்கு முழுதாக இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் பொம்மைக் கழுத்தில் மாட்டிப் படமெடுப்பது, கூலிக்காரருக்கு வேறு வழியில்லாமல் வந்த நிலைமையை நாமாகப் போய் ஏற்றுக்கொள்வது போன்றது.

அணிவதால் நகையே மாறுகிறது. ஒரு நாள் முழுக்கக் காதில் போட்டுக்கொண்டு சமைத்து, துவைத்து, பஸ் ஏறி இறங்கினால்தான் சுடுமண் தோட்டின் கனம் தெரியும். தட்டில் கிடக்கும்போது கம்பீரமாக இருந்த ஜிமிக்கி, மாலைக்குள் காதுமடலை இழுத்துவிடும். மண்ணைச் சுடுமுன் உள்ளே குடைந்து கனம் குறைக்க வேண்டும் என்பது அப்போதுதான் புரிகிறது. இப்போது எல்லாருக்கும் பிடித்துப்போன ஜெர்மன் சில்வரையும் இங்கே சொல்ல வேண்டும். அதில் துளி வெள்ளி கிடையாது. செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகம் அது. நிக்கல் ஒத்துக்கொள்ளாத தோல் பலருக்கு உண்டு. காது சிவந்து, அரித்து, நீர் வடியும். செய்தவள் அணிந்திருந்தால் தன் காதிலோ தங்கை காதிலோ அதைக் கண்டிருப்பாள். கண்ட பிறகு கொக்கியை மட்டுமாவது மாற்றியிருப்பாள். குன்றிமணி மாலையும் அப்படித்தான். பார்க்க அழகு, ஆனால் அந்த விதைக்குள் இருப்பது கொடிய நஞ்சு. துளையிட்ட விதையைக் குழந்தை கடித்தால் உயிருக்கே ஆபத்து. என் மகள் கழுத்தில் போடத் துணியாத ஒன்றை இன்னொருத்தியின் மகளுக்கு நான் எப்படி விற்பேன்?

படத்திலும் பலன் தெரியும். துணியில் பரப்பிய மாலையைப் பார்த்து அது எங்கே வந்து நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கழுத்தில் இருந்தால் சொல்லிவிடலாம். இந்த மலையில் வெளிச்சமும் நமக்குத் துணை. உச்சி வெயிலில் வெள்ளியும் கண்ணாடி மணியும் வெள்ளைத் திட்டாகப் பொரிந்துவிடும். மூடுபனி இறங்கிய காலையில் அதே மணிகளின் நிறம் உள்ளபடி விழும். காப்பிச் செடியின் கரும்பச்சை நல்ல பின்னணிதான். ஆனால் கேமரா அந்த இருட்டைப் பார்த்துப் படத்தைத் தானாகவே வெளிறவைத்துவிடும். திரையில் கழுத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். நவம்பருக்குப் பிறகு பழம் சிவக்கும் காலத்தில் சிவப்பு மணியோடு செடியருகில் நின்றால் மணி தொலைந்துபோகும். மஞ்சளோ நீலமோ எடுப்பாக நிற்கும். கைப்பேசியை முகத்துக்கு மிக அருகில் பிடித்தால் பதக்கம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். இரண்டடி தள்ளி வைத்து எடுப்பதே நேர்மை. முன்பக்கக் கேமராவில் இடம் வலமாகிவிடக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம். நம் பக்கம் வலப்புறம் மூக்குத்தி அணிகிற குடும்பங்கள் ஏராளம். படத்தில் அது இடப்புறம் போய் உட்கார்ந்தால் வாங்க வருகிறவருக்குக் குழப்பம்.

என் தோழிகள் பலர் சொல்லும் தடை வேறு. "நான் கறுப்பு, என் கழுத்தில் போட்டால் எடுபடாதுடி" என்கிறார்கள். நகைக்கடை விளம்பரங்கள் இத்தனை ஆண்டுகளாகச் சொல்லிக் கொடுத்த பாடம் இது, முழுக்கத் தவறான பாடம். வெள்ளியின் ஒளியை வெளுத்த தோல் விழுங்கிவிடும். மாநிறமும் கறுப்பும் அதை ஏந்திக் காட்டும். பாசிமணிக்காரர் கழுத்தில் அந்தச் சிவப்பும் மஞ்சளும் அவ்வளவு துலக்கமாகத் தெரிவது எதனால் என்று நினைக்கிறீர்கள்? வாங்க வருகிற பெண்களில் பெரும்பாலோர் நம் நிறம்தான். தங்கள் மேல் அது எப்படி இருக்கும் என்பதைத்தான் அவர்கள் பார்க்க விரும்புகிறார்கள்.

முகத்தைக் காட்டத் தயங்குகிறவர்களின் அச்சம் வேறு வகை. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளமாட்டேன். பெண்களின் படத்தை எடுத்துத் தவறாகப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் கேள்வி கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கொலுசு வழி காட்டும். கொலுசுக்குக் கால் போதும். அதுபோல மாலைக்கு மோவாய் முதல் மார்பு வரை, வளையலுக்கு மணி கோக்கும் கை, கம்மலுக்குத் திரும்பி நிற்கும் காதும் பின்னலும் போதும். உடம்பு செய்தவளுடையதாக இருந்தால் போதும், முகம் அவரவர் விருப்பம். பெயரை மட்டும் விட்டுவிடக் கூடாது.

சேலத்திடமிருந்து இன்னொன்றையும் கட்டாயம் கற்க வேண்டும். படத்தோடு எண்ணைச் சேர்க்க வேண்டும். நீளம் இத்தனை இஞ்ச், எடை இத்தனை கிராம், கொக்கி இன்ன உலோகம், கோத்தது நரம்பிலா கம்பியிலா என்று ஒரு வரி. என் உயரம் இவ்வளவு, இந்தச் சரம் எனக்கு இங்கே நிற்கிறது என்று ஒரு வரி. அழகான படம் ஆசையைத் தூண்டும். எண்தான் வாங்கிய பிறகு வரும் மனக்கசப்பைத் தடுக்கும். காதில் போட்டுப் படமெடுத்த கம்மலை விற்கவும் கூடாது. அதை மாதிரியாக வைத்துக்கொண்டு, விற்பதற்குப் புதிதாக ஒன்று செய்வதே முறை. கொலுசுக் கடைக்காரர் சொல்லாமலே கடைப்பிடிக்கும் ஒழுங்கு அது.

என் தீர்ப்பு இதுதான்: அணிவதில் பாசிமணிக்காரரைப் போல இருங்கள், அளப்பதில் கொலுசுக்காரரைப் போல இருங்கள். முடிந்தால் கடைக்காரரிடம் இந்தக் கொலுசு எந்த ஊர் வேலை என்று கேளுங்கள். நாலு பேர் கேட்கத் தொடங்கினால் கடைகளும் சொல்லத் தொடங்கும். பஸ் நிலையத்தில் மணி கோக்கும் பெண்ணைப் படம் எடுக்கத் தோன்றினால் முதலில் அனுமதி கேளுங்கள், பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அவர் சொன்ன விலையைக் கொடுத்து ஒரு சரம் வாங்குங்கள்.